வாய்க்கால் ஓரத்துச் சுற்றுவழி

கோகந்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு, மர்கிலான் வரைக்கும் பட்டறை பட்டறையாகக் காட்டுவது நோசிரின் பிழைப்பு. நடுவில் குயவர்களின் ஊரான ரிஷ்தான். நேர்சாலையில் போனால் முதல் வாசலே அவன் மைத்துனர் உபைதுல்லாவின் நீலத்தட்டுப் பட்டறை. அவர் முகத்தில் விழிக்கக் கூடாதென்று, வாய்க்கால் ஓரம் முசுக்கட்டை மரங்களுக்கு நடுவே மண்பாதையில் சுற்றிப் போவான். வண்டியில் இருப்பவர்கள் ‘அடடா, என்ன அழகு’ என்று படம் எடுப்பார்கள். தன் வீம்புக்கு இப்படி ஒரு பலனா என்று அவனுக்கே சிரிப்பு வரும்.

சண்டைக்கு மூலம் ஒரு கத்தி. போன முலாம்பழக் காலத்தில் உபைதுல்லா ஆசையாகக் கொடுத்தது. கத்தியைச் சும்மா வாங்கக் கூடாது. கொடுத்தவர் கையில் ஒரு காசாவது வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உறவு அறுந்துவிடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. கண்ணெல்லாம் பழத்தின் மேல் இருந்ததால் நோசிர் மறந்துவிட்டான். அடுத்த விருந்திலேயே புலாவில் உப்பு அதிகம் என்று அவன் சொல்ல, உனக்கு நாக்கு நீளம் என்று அவர் சொல்ல, பேச்சு நின்றது.

இப்போது உபைதுல்லாவின் மகளுக்குக் கல்யாணம். மனைவி முஹய்யோ குரலை உயர்த்தவே இல்லை.

“எங்கண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்க வரலேன்னா, நான் அங்கேயே தங்கிடுவேன். இங்க நீங்களே சமைச்சு, நீங்களே உப்புப் பாத்துக்கங்க.”

நோசிருக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது. அவள் இல்லாத வீடு அதைவிடப் பயமாக இருந்தது. மறுநாள் நேர்சாலையில் போய், உபைதுல்லாவின் உள்ளங்கையில் ஒரு காசை வைத்தான்.

“கத்திக்கு, மச்சான்.”

அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அட, நான் உப்புதான் காரணம்னு நெனச்சுட்டிருந்தேன்.”

இனிமேல் வண்டியில் வரும் விருந்தாளிகளை முதலில் இங்கேதான் கூட்டி வர வேண்டும் என்றார். நோசிர் தலையை மட்டும் ஆட்டினான். கல்யாணப் புலாவை உப்பு உட்படப் புகழ்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் விஷயத்தை அவிழ்த்தான். வண்டி அனுப்பும் முதலாளி, சுற்றுலாக்காரர்கள் எடுத்த படங்களைப் பார்த்து, அந்த வாய்க்கால் பாதையை ‘எழில் வழி’ என்று வரைபடத்திலேயே போட்டுவிட்டார். இப்போது எல்லா வண்டிகளும் அப்படித்தான் போகின்றன. நேர்சாலையில் வர ஆளே இல்லை.

உபைதுல்லா கத்தவில்லை. கடப்பாரையைத் தேடினார். அந்த வாரமே பட்டறையின் பின்சுவர் உடைந்து, வாய்க்காலைப் பார்த்து ஒரு வாசல் வந்தது. மண் குழைத்துக் கொடுத்தவன் நோசிர்.

நீலத்தட்டுகளை மாட்டி முடித்து, உபைதுல்லா அவன் பக்கம் திரும்பினார்.

“ஏன் மாப்ள, மறுபடி சண்டை வந்தா எந்தப் பக்கமா போவே?”