கரட் அடைத்த செப்புக் குழாய்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பாவுக்குத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் வேலை கிடைத்தது. நோர்வூட்டுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்து கிளாக்கரான முதல் ஆள் அப்பாதான். லயத்தில் இருந்த ஒற்றை அறைக் காம்பிராவைக் காலி செய்துவிட்டு, மேட்டில் இருந்த குவாட்டர்சுக்குக் குடிபோனோம். வெள்ளைக்காரன் காலத்து வீடு. குசினிக்குள்ளேயே, அடுப்புக்குப் பக்கத்திலேயே தண்ணீர் வந்தது. முதல் நாள் நானும் அப்பாவும் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தோம். அம்மா ஒரே ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

கிளாக்கர் பெண்சாதி கொழுந்து பறிக்கப் போவது அழகில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் அம்மா வேலையை விட்டிருந்தாள். அதுவரை அவள் அத்தையோடு ஒரே மலையில், பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று பறித்தவள். அத்தை அப்பாவின் அக்கா. கீழ் லயத்தில் இருந்தாள். நாங்கள் மேலே வந்த பிறகு அவள் ஒருநாள்கூட வீட்டுப் பக்கம் வரவில்லை. "அங்க தர பளபளன்னு இருக்காம், என் காலெல்லாம் சேறு" என்று யாரிடமோ சொன்னாளாம். அது அம்மா காதுக்கு வந்தது. அன்றைக்குக் கறியில் உப்பு இல்லை.

அந்த வீட்டுக் குழாய்கள் எல்லாம் செம்பு. சுவரோடு ஓடிய அவற்றில் மூட்டுக்கு மூட்டு பச்சைக் களிம்பு பூத்திருந்தது. எனக்கு அது அழகாகத் தெரிந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஊசி குத்தியது போல அங்கங்கே ஓட்டை விழத் தொடங்கியது. ஓர் ஓட்டை என் வெள்ளைப் பள்ளிச் சட்டை காயப்போட்டிருந்த கொடிக்கு நேர்மேலே விழுந்தது. நான் ஒரு தோள் பச்சையாகப் பள்ளிக்கூடம் போனேன்.

தோட்டத்தை நிர்வகித்த தொரையிடம் சொல்ல அப்பாவுக்குக் கூச்சம். "வந்து ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள வீடு சரியில்லன்னு போய் நிக்க ஏலுமா?" என்றார். பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டினார். ஓட்டையில் சவுக்காரத்தைத் தேய்த்து, மேலே நாடாவை இறுக்கிச் சுற்றினார். ஓரிடத்தை அடைத்தால் அரை அடி தள்ளி இன்னோர் இடத்தில் பீச்சியது. கடைசியில் குழாய் முழுவதும் காயம்பட்ட ஆளின் கை மாதிரி கட்டுக்கட்டாக நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா ஸ்பேனரோடு குசினிக்குள் நுழைந்தார். வளைவு மூட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சொட்டு நிற்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டாவது திருகலில் மூட்டு கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. மலை உச்சித் தண்ணீர்த் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் கூரை வரை எழும்பி எங்கள் மேல் கொட்டியது. அப்பா உள்ளங்கையால் பொத்தினார். விரலிடுக்கில் எல்லாம் பீச்சியது. "வால்வ மூடு, வால்வ மூடு" என்றார். வால்வு எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

அம்மா என்னைப் பார்த்தாள். "அத்தையக் கூட்டியா, ஓடு" என்றாள்.

நான் தேயிலைக்குள் குறுக்கு வழியில் இறங்கி ஓடினேன். என் கோலத்தைப் பார்த்ததும் அத்தை அப்படியே கிளம்பினாள். சேற்றுக் காலோடுதான் வீட்டுக்குள் வந்தாள். தரையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றதால் அதை யாரும் கவனிக்கவில்லை. அவள் ஒரு நிமிடம் குழாயைப் பார்த்தாள், பிறகு காய்கறிக் கூடையைப் பார்த்தாள். ஒரு கரட்டை எடுத்து நுனியைக் கடித்துத் துப்பினாள்.

"தம்பி, கைய எடு" என்றாள் அப்பாவிடம்.

கரட்டைக் குழாய் வாயில் சொருகி, அம்மிக் குழவியால் நாலு போடு போட்டாள். தண்ணீர் நின்றது.

அப்பாவின் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முதலில் சிரித்தது அம்மாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்து, அந்தத் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தாள். "கிளாக்கர் வீட்டுல ஆறு ஓடுது மதினி" என்றாள். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

இனி மறைக்க வழியில்லை. அப்பா தொரையிடம் போனார். தொரை திட்டவில்லை, சாமான் வர இரண்டு கிழமை, பதினாலு நாள் ஆகும் என்றார். அந்த இரண்டு கிழமையும் அம்மா கீழ் லயத்துப் பீலிக்குத் தண்ணீருக்குப் போனாள். மலை ஊற்றுத் தண்ணீர் இரவு பகலாகக் கொட்டும் இடம் அது. விடியக்காலையில் அவள் வாளியோடு இறங்கும்போது நானும் ஒரு சின்ன வாளியைத் தூக்கிக்கொண்டு போவேன். ஒரு வாளி நிறைய ஒரு நிமிடம் போதும். அம்மா வீடு திரும்ப முக்கால் மணி நேரமாகும். அத்தையும் லயத்துப் பெண்களும் அவளைச் சூழ்ந்துகொள்வார்கள். யாருடைய மாடு கன்று போட்டது, எந்த மலையில் அட்டை அதிகம் என்று பேச்சு ஓடும். நிறைந்து வழியும் வாளியை யாரும் எடுக்க மாட்டார்கள். பாவம், அம்மா இவ்வளவு தூரம் சுமக்கிறாளே என்று நான் தினமும் வருத்தப்பட்டேன்.

ஒருவழியாக ஹட்டனிலிருந்து குழாய் வேலை செய்யும் பைப் பாஸ் வந்தார். சிங்களவர். சுருங்கிப்போயிருந்த கரட்டை உருவிக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "இது செஞ்ச பாஸ் யாரு?" என்று கேட்டார். அப்பா, "எங்க அக்கா" என்றார். பாஸ் மரியாதையாகத் தலையாட்டினார். செம்பை எல்லாம் கழற்றிவிட்டு, சாயங்காலத்துக்குள் புதிய பிளாஸ்டிக் குழாய் போட்டு முடித்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது.

மறுநாள் விடியக்காலையில் வாளிச் சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா தலையை முடிந்துகொண்டு வாசலில் நின்றாள்.

"அம்மா, குழாய்லதான் தண்ணி வருதே?"

"புது பைப்பு வாட அடிக்குது புள்ள. தேத்தண்ணிக்கு சரி வராது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

நான் குசினிக்குப் போய் ஒரு கப் பிடித்துக் குடித்தேன். எந்த வாடையும் இல்லை. இன்னொரு கப் குடித்தேன். அப்பாவை எழுப்பி, அம்மா சொன்னது தப்பு என்று நிரூபிக்கக் கப்பை நீட்டினேன். அப்பா ஒரு வாய் குடித்தார். ஜன்னல் வழியாகக் கீழே, தேயிலைக்கு நடுவே போய்க்கொண்டிருந்த அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா, அடிக்குதுதான்" என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எனக்குத்தான் மூக்கு அடைத்திருக்கிறது என்று முடிவுசெய்து, அன்று முழுவதும் சளிக்குக் கொத்தமல்லித் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தேன்.