துபாய் சாக்லேட்டும் தங்கையின் கட்டைவிரலும்

தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று எனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்கவில்லை. போட்ட நாற்காலிகளையே இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு இவள் கம்பெனிக்குப் போக வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அம்மா முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். "பாக்கலாம் சம்பந்தி" என்று எங்கள் அம்மா மழுப்பி வைத்திருந்தாள். தங்கையோ வேலையை விடுவதாக இல்லை. அந்தப் பேச்சு எந்த நேரத்திலும் கிளம்பலாம்.

நானும் தங்கையும் கும்மிடிப்பூண்டியில் ஒரு சாக்லேட் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறோம். வளையல், மருதாணி எதுவும் உள்ளே கூடாது. ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினால் தலைமுடி வரை கோகோ வாசனை அடிக்கும். ஆனால் எங்கள் பக்கத்துச் சீர்த்தட்டில் நாங்கள் பேக் செய்கிற சாக்லேட்டுக்கு இடம் கிடையாது. அங்கே வெளிநாட்டுச் சரக்குதான் இருக்க வேண்டும். கடையில் பாக்கெட்டைத் திருப்பி எந்த நாடு என்று பார்த்த பிறகுதான் விலையே கேட்கிறார்கள். உள்ளூர் சாக்லேட் பிள்ளைகளுக்கு, வெளிநாட்டுச் சாக்லேட் சம்பந்திகளுக்கு. எனக்கு இதில் தீராத எரிச்சல்.

செவ்வாப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த சாக்லேட் ஒரு தட்டு நிறைய இருந்தது. தங்க நிறக் காகிதம், அதில் அரபி எழுத்து. மாப்பிள்ளையின் அம்மா அதை நடுவில் வைத்து, தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"ஃபாரின்னா ஃபாரின்தாம்மா. நம்ம ஊருதெல்லாம் மெழுகு மாரி கீது."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனேன். சொம்போடு திரும்பியபோது அந்த அம்மா என் தங்கையின் கையில் ஒரு சாக்லேட்டைத் திணித்திருந்தார். அவள் அதைப் பிரிக்கவில்லை. கவிழ்த்து, ஒட்டிய இடத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். பேக்கிங் லைனில் நாள் முழுக்க நாங்கள் செய்வது அதைத்தான்.

"இன்னாம்மா, எந்த நாடுன்னு பாக்கிறியா? நாங்க டூப்ளிகேட்டா வாங்கினு வருவோம்?"

"அய்யோ, இல்ல அத்த. சீல் சரியா கீதான்னு பாத்தேன். கைப்பழக்கம்."

"பாத்ததுதான் பாத்த, நாட்டையும் படிச்சிடு. எல்லாரும் கேக்கட்டும்."

வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவளுக்குப் பொய் வராது.

"இந்தியான்னு இங்கிலீஷ்ல போட்டுகீது அத்த. லைசென்ஸ் நம்பரும் எங்க கம்பெனிதுதான். துபாய்க்குப் போறது நாங்க பேக் பண்றதுதான்."

அந்த அம்மா வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"அதான பாத்தேன். இனிப்பு கொஞ்சம் தூக்கலா இருந்திச்சு."

ஒரு நிமிடம் முன்பு வரை தேனாக இனித்ததுதான். சிரிப்பும் ஆத்திரமும் எனக்குச் சேர்ந்தே வந்தன. அவர் விடவில்லை.

"இதுக்குத்தான் சொன்னேன், இந்த வேலையெல்லாம் வாணாம்னு."

"வேலைய வுட மாட்டேன் அத்த," என்றாள் தங்கை.

எங்கள் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சம்பந்தம் இதோடு போயிற்று என்றே நினைத்தேன். சொம்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை தட்டிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்தார். அதைக் கவிழ்த்து, தங்கை செய்தது போலவே கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார்.

"சீல் நல்லாத்தான் கீதும்மா," என்று சொல்லிப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். "அவங்க வேலைக்குப் போவட்டும்."

அதன் பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.