ஸ்டெல்லா வரைந்த சைக்கிள்கள்

எழுபதுகளின் கடைசியில் புனேயில் ஓர் ஓவியக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தேன். ஊருக்கு வெளியே ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலை வாசலில், மழையில் சைக்கிள்களோடு காத்திருக்கும் தொழிலாளர்களை வரைந்து கொண்டுவந்தாள் ஸ்டெல்லா என்ற தமிழ் மாணவி. “வெறும் கூட்டம்” என்று சொல்லிக் குறைந்த மதிப்பெண் போட்டேன். ஆனால் அந்தக் காட்சி என்னை விடவில்லை. அதையே பெரிதாகத் தீட்டி, என் பெயரில் கண்காட்சிக்கு வைத்தேன். முதல் பரிசு கிடைத்தது.

பரிசளிப்பு விழாவுக்கு ஸ்டெல்லா தன் அப்பாவோடு வந்தாள். படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். சண்டை போடுவாளோ என்று பயந்தேன்.

“இனிமே வரையவே வேணாம்னு இருந்தேன், சார். இந்தக் காட்சிக்கே முதல் பரிசுன்னா, நான் இதை வரைய நினைச்சது தப்பில்லதானே?” என்று கேட்டாள்.

அவள் அப்பா என் கையைப் பிடித்து வாழ்த்திக்கொண்டிருந்தார்.

“நல்லா ப்ராக்டிஸ் பண்ணும்மா” என்றேன்.

அதைத் தவிர வேறெதுவும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பரிசைப் பற்றி யாராவது கேட்டால் இன்றும் பேச்சை மாற்றிவிடுகிறேன்.