இடது பக்கத்தில் அம்மா

கம்ப்யூட்டரில் படம் ஓட்டுகிற ஒரு மென்பொருள். திறந்தால் ஓட வேண்டும், மூடினால் நிற்க வேண்டும். உலகத்தில் இதைவிடச் சின்ன வேலை இருக்க முடியுமா? அந்தச் சின்ன வேலைக்காக நான் பல்லைக் கடித்த கடியில் பல் தேய்ந்ததுதான் மிச்சம்.

அப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் இரைகிற இடத்திலேயே நின்று சர்வீஸை முடித்தவர். ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்தபோது இடது காது சுத்தமாக நின்றிருந்தது. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டு வந்தது. காதில் மெஷின் வைத்தாலும் நாளாக நாளாகக் குறையத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“உங்கம்மா பேசறத ஒரு தரம் கேட்டுடணும்மா. அப்புறம் காது போனா போவட்டும்.”

அம்மா இறந்தது, எங்கள் வீட்டில் யார் கையிலும் வீடியோ எடுக்கிற போன் இல்லாத காலத்தில். அம்மா நடமாடுகிற படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. என் தம்பியின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு எடுத்த சிடி. ஸ்டுடியோ வைத்திருந்த மாமா ஒருவர் ஆசையாக எடுத்துக் கொடுத்தார். எடுத்ததோடு விட்டாரா? முதலிலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பினார். ஐந்து வயதுப் பையன் கேக் வெட்டுகிறான், பின்னால் காதலி பிரிந்து போனதற்கு ஒருவன் அழுது பாடுகிறான். அம்மாவின் வாய் அசைகிறது, அவன் குரல் வருகிறது. அந்த மாமாவை இன்று பார்த்தாலும் நாலு வார்த்தை கேட்பேன்.

அந்தப் பாட்டையும் நாங்கள் ஒழுங்காகக் கேட்டதில்லை. ஷிப்ட்காரர் வீட்டில் டிவிக்குச் சத்தம் வைக்கிற வழக்கம் கிடையாது. வாசலில் அப்பாவின் சேப்டி ஷூ கிடந்தால் அவர் நைட் முடித்து வந்து தூங்குகிறார் என்று பிளாக்குக்கே தெரியும். காலிங் பெல்லை யாரும் அழுத்த மாட்டார்கள். நானும் தம்பியும் சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, வாயசைவைப் பார்த்தே சினிமாவுக்கு வசனம் கண்டுபிடிப்போம். பிறந்தநாள் சிடியையும் அப்படித்தான் பார்த்தோம். அதில் பிள்ளைகள் கை தட்டுவது வேடிக்கையாக இருக்கும். உள்ளங்கைகள் கிட்டே வரும், படாமல் விலகும். “கைதட்டக்கூடத் தெரியாத பசங்கள கூப்பிட்டு என் பர்த்டேவ கெடுத்துட்டாங்க” என்று தம்பி ஒவ்வொரு தடவையும் சொல்வான்.

அவன் இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். தன் பழைய கம்ப்யூட்டரை ஸ்பீக்கரோடு எங்களுக்கு அனுப்பியபோது, சிடியிலிருந்த வீடியோவையும் அதில் ஏற்றியிருந்தான். அப்பாவின் ஆசையைச் சொன்னேன்.

“அதுல வாய்ஸ் இல்லக்கா, பாட்டுதான். அவர ஆசைகாட்டி ஏமாத்தாத.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் மத்தியானம் சும்மா பார்க்கலாம் என்று வீடியோவைத் திறந்து என் ஹெட்போனைச் செருகினேன். அதில் வலது பக்கம் செத்துப்போய் வெகு நாளாகிறது. இடது காதில் மட்டும் சத்தம் வந்தது. பாட்டு இல்லை. ஃபேன் ஓடுகிற சத்தம், பிள்ளைகள் கிசுகிசுக்கிற சத்தம். அந்த மாமா பாட்டை ஒரு பக்கத்தில் மட்டும் ஏற்றியிருக்கிறார், எடுத்தபோது பதிந்த சத்தம் மறு பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. மேலே கேட்காமல் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு ஓடி, அப்பாவின் வலது காதில் இடது குமிழை வைத்தேன். சத்தத்தை நூற்றுக்கு ஏற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தார்.

“ஒண்ணும் கேக்கலியேம்மா.”

ஆக, எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. ஒரு பக்கத்துச் சத்தத்தை மட்டும் ஸ்பீக்கரில் விட வேண்டும். அந்தச் சத்தம் முழு அளவுக்கும் மேலே ஏற வேண்டும். இதைக் கேட்டு நான் பட்ட பாடு நாய் படாது.

கம்ப்யூட்டரோடு வந்த பிளேயரில் சத்தம் கூட்டலாம், குறைக்கலாம், அதோடு சரி. இணையத்தில் தேடினேன். பச்சை நிறத்தில் பெரிதாக ஒரு பட்டன் இருந்தது, அமுக்கினேன். அது பிளேயர் இல்லை, விளம்பரம். அடுத்த நிமிடம் என் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான கிருமிகள் இருப்பதாக ஒரு பெட்டி வந்து மிரட்டியது. மூடினால் இன்னொரு பெட்டி. நிச்சயமாக எனக்கென்றே உட்கார்ந்து யாரோ செய்திருக்கிறான். அதைப் பிடுங்கி எறிவதற்கே ஒரு பகல் போனது. ஸ்க்ரீனைப் பார்த்து நான் திட்டிய திட்டு அப்பாவுக்குக் கேட்காமல் போனது நல்லதாயிற்று.

தம்பிக்குப் போன் செய்தேன். “கண்டதையும் ஏன் போடற? நான் போட்டுத் தரேன், இப்ப இதான் பெஸ்ட்” என்று அங்கிருந்தபடியே என் கம்ப்யூட்டருக்குள் புகுந்து ஒன்றைப் போட்டான். அழகாகத்தான் இருந்தது, கறுப்பாக, பளபளவென்று. முதலில் என் மின்னஞ்சல் கேட்டது. கொடுத்தேன். பிறகு என் பிறந்த தேதி கேட்டது. என் அம்மாவைப் பார்க்க நான் எப்போது பிறந்தேன் என்று உனக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னேன். அதற்குப் பிறகு அது என் வீடியோவைத் தானாகவே ஆராய்ந்து, ஏதோ வெளிநாட்டுச் சினிமா என்று முடிவுகட்டி, துப்பாக்கியோடு நிற்கிற ஒருவனின் போஸ்டரை அதன்மேல் ஒட்டி வைத்தது. இடது பக்கம், வலது பக்கம் என்று எங்கேயும் எதுவும் இல்லை.

“யாருக்கா இந்தக் காலத்துல லெஃப்ட்ட மட்டும் கேக்கறாங்க?” என்றான் தம்பி. “புதுசுல அதையெல்லாம் எடுத்துட்டாங்க. யாருக்கும் வேணாம்.”

“எனக்கு வேணும். அப்பாவுக்கு வேணும். நாங்க ரெண்டு பேரு யாருன்னு நெனச்ச?”

போனை வைத்துவிட்டேன். உடம்பெல்லாம் எரிந்தது. ஒருவர் காது கொஞ்சம் கொஞ்சமாக அடைந்துகொண்டிருக்கிறது, இவர்கள் போஸ்டர் ஒட்டுகிறார்கள். யாருக்கும் வேண்டாம் என்று எந்த ஊரில், யார் வீட்டில் போய்க் கேட்டுவிட்டு எடுத்தார்கள்?

கடைசியில் ஒன்று கிடைத்தது. எந்தப் பேரும் கேட்கவில்லை, எந்தப் படமும் ஒட்டவில்லை. பார்க்கச் சாம்பல் நிறத்தில், ரேஷன் கடைக் கதவு மாதிரி இருந்தது. மெனுவுக்குள் மெனுவாக இறங்கினேன். சத்தம் என்ற இடத்தில், மற்றவற்றுக்கெல்லாம் கீழே, “இடது” என்று ஒரு வார்த்தை இருந்தது. அமுக்கினேன். பாட்டு நின்றது. அழுது பாடிக்கொண்டிருந்தவன் அத்தனை வருஷம் கழித்து வாயை மூடினான். சத்தத்தை ஏற்றினேன். நூறில் முட்டி நிற்கவில்லை, அதற்கு மேலும் போயிற்று.

அப்பாவைக் கூட்டிவந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். வலது காதை அதன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

படத்தில் அம்மா சமையலறையிலிருந்து கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஸ்பீக்கரில் ஃபேன் புயல் போல இரைந்தது. அதற்கு நடுவில் அம்மாவின் குரல் வந்தது. குரலா அது? மூச்சு. வாழ்நாள் முழுக்க அந்த வீட்டில் அம்மா பேசியதெல்லாம் அப்படித்தான் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். “ஏதோ காத்து மாதிரி வருது. என்னா சொல்றா?”

பின்னால் நகர்த்தி மறுபடி வைத்தேன். ஏற்ற முடிந்த மட்டும் ஏற்றியாகிவிட்டது. அவர் இன்னும் குனிந்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“என்னாம்மா சொல்றா?”

நான் அவர் காதருகே போய்க் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்ப்பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்பா நைட் முடிச்சுட்டு வந்து தூங்கறாரு, சத்தம் போடாம கை தட்டுங்கன்னு சொல்றாங்கப்பா.”

ஸ்க்ரீனில் பிள்ளைகள் கை தட்டினார்கள். உள்ளங்கைகள் கிட்டே வந்தன, படாமல் விலகின. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு நான் தூங்கவே இல்லம்மா” என்றார். “உள்ள முழிச்சிக்கினுதான் படுத்திருந்தேன். அவ சொன்னது நல்லா கேட்டுது.”

எனக்கு இருந்த கோபமெல்லாம் ஒரே நொடியில் அவர் பக்கம் திரும்பியது.

“அப்ப எழுந்து வெளிய வந்திருக்கலாமில்ல? புள்ள கேக் வெட்டறான், எட்டிப் பாக்கக்கூடத் தோணலியா?” அதையும் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

வீடியோ முடிந்து ஸ்க்ரீன் கறுப்பாகும் வரை அவர் குனிந்தபடியே இருந்தார்.

“வந்திருந்தா, சத்தம் போட்டு எழுப்பிட்டோமேன்னு அவ வருத்தப்பட்டிருப்பா” என்றார். “இன்னொரு தரம் போடு.”