இல்லாத பஞ்சத்துக்கு வந்த லொறி

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு, நோன்பு தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது நடந்தது இது. கொரோனாவுக்காக ஊரடங்குச் சட்டம் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. மன்னார் தீவில் எங்கள் வீதியில் கழுதைகளைத் தவிர வேறு எவரும் நடமாடவில்லை. அவற்றுக்கு மட்டும் யார் பாஸ் கொடுத்தார்களோ தெரியாது.

நான் ஓர் ஆசிரியை. என் கணவருக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை. பள்ளிக்கூடமும் பூட்டு, கந்தோரும் பூட்டு. ஆனாலும் சம்பளம் மட்டும் தவறாமல் வங்கிக்கு வந்துவிட்டது. வீட்டில் சும்மா குந்தியிருக்கிற எங்களுக்குச் சம்பளமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. என் கணவருக்கு அப்படி ஒரு கூச்சமும் இல்லை. அவர் போனைப் பார்த்துக் கேக் அடிக்கப் பழகினார். ஊரடங்கைத் தளர்த்துகிற நாளில் வரிசையில் நின்று மாவும் முட்டையும் வாங்கி வருவார், அடுத்த தளர்வு வரைக்கும் அடுப்படி அவருடையதுதான். ஒரு மாதத்துக்குள் அவருடைய காற்சட்டைகள் எல்லாம் அலுமாரிக்குள் போய்விட்டன. இடுப்பில் சாரம் மட்டும்தான் நின்றது.

என் கவலையெல்லாம் ராத்தாவைப் பற்றித்தான். என்னைவிடப் பத்து வயது மூத்த என் ஒரே அக்கா அவர். தொண்ணூறில் போரின்போது ஊரைவிட்டு விரட்டப்பட்டுப் புத்தளத்தில் அகதி முகாமில் கிடந்த காலத்தில், தனக்குப் பசிக்கவில்லை என்று சொல்லித் தன் தட்டை என் பக்கம் தள்ளிவிடுவார். நானும் அதை நம்பி இரண்டு தட்டையும் வழித்துத் தின்றிருக்கிறேன். இப்போது கொண்டச்சியில் மச்சானோடும் மூன்று பிள்ளைகளோடும் இருக்கிறார். மச்சான் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி ஊர் ஊராகப் போய் மீன் விற்கிறவர். போனால்தான் அன்றைக்குக் காசு. ஊரடங்கில் எங்கே போவது, யாருக்கு விற்பது?

போன் எடுத்துக் கேட்டால் ராத்தா பிடிகொடுக்க மாட்டார். எங்களுக்கென்ன, அல்ஹம்துலில்லாஹ் என்பார். அதோடு கதை முடிந்துவிடும். காசு அனுப்பலாம் என்றால் அவர் பொல்லாத ரோசக்காரி. ஒரு பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்கச் சொல்லிக் கொஞ்சம் கையில் திணித்தேன். அடுத்த மாதம் ஒரு கிடாயைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்து வேம்பில் கட்டிவிட்டுப் போனார். அது என்னுடைய இரண்டு வருடப் பூஞ்செடிகளை ஒரு நாளில் தின்று தீர்த்தது.

ஆகவே நான் ஒரு தந்திரம் செய்தேன். எங்கள் பக்கத்துப் பெண்களின் கதை ஒரு விதம். நல்லாயிருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்று, எல்லாரும் ஏதோ போகுது என்போம். ஒருத்தி புலம்பத் தொடங்கினால் மற்றவளுக்கு இருப்புக்கொள்ளாது. தன் கஷ்டம்தான் பெரிது என்று அவளும் அவிழ்த்துவிடுவாள். நான் முதலில் அழுதால் ராத்தாவின் வாயும் திறக்கும், திறந்தால் உதவலாம் என்று கணக்குப் போட்டேன்.

முதல் நாள், எங்களுக்குப் பாதிச் சம்பளம்தான் வந்தது என்றேன். ராத்தா ம் கொட்டினார். அடுத்த நாள், ஒருநேரம்தான் உலை வைக்கிறோம், அதுவும் கஞ்சிதான் என்றேன். அதற்கும் ம். மூன்றாம் நாள் எனக்கே என் திறமையில் மயக்கம் வந்துவிட்டது. இவர் நல்லா மெலிந்துவிட்டார், கன்னம் ஒட்டிப்போச்சு, எழும்பினால் தலை சுற்றுதாம் என்று குரலைத் தழுதழுக்க வைத்துச் சொன்னேன். அந்த நேரம் அந்த மனிதர் எனக்குப் பக்கத்தில் நின்று மாக்கிண்ணத்தை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தார். கிண்ணச் சத்தம் கேட்டுவிடப் போகிறதே என்று கையைக் காட்டி அதட்டினேன். ராத்தா சட்டென்று போனை வைத்துவிட்டார். மூன்று நாள் நடிப்பும் வீணாகப் போயிற்றே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

இரண்டு நாள் கழித்து, காலையில் படலையடியில் லொறியொன்று கோர்ன் அடித்தது. மரக்கறி ஏற்றப் பாஸ் எடுத்த லொறி. ஓட்டி வந்தவர் ராத்தாவின் அயல்வீட்டுக்காரர், வயதானவர். முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு ஒவ்வொன்றாக இறக்கினார். அரைச் சாக்கு அரிசி. ஒரு பை கருவாடு. ஒரு கட்டு முருங்கைக்காய். கடைசியில், கால் கட்டிய ஒரு சிவப்புப் பேட்டுக் கோழி. அது நாள் தவறாமல் முட்டையிடுகிற ராத்தாவின் செல்லக் கோழி. கூடவே என் கையில் ஓர் உறையைத் தந்தார்.

தந்துவிட்டுப் போகாமல் நின்றார். மெலிந்துபோன மாப்பிள்ளையை நேரில் பார்த்துச் சுகம் விசாரித்து வரச் சொல்லி ராத்தா கட்டளையாம். அவர் நித்திரை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கோழிச் சத்தம் கேட்டு என் கணவர் வெளியே வந்துவிட்டார். முதலில் வயிறு வந்தது, பிறகு அவர் வந்தார். மீசையில் மா, கையில் ஒரு துண்டுக் கேக்.

லொறிக்காரர் ஸலாம் சொன்னார். என் கணவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"டீச்சர், மெலிஞ்சவர் உள்ள படுத்திருக்கிறாரோ?"

மாக்கிண்ணத்தில் மூழ்கியிருந்த என் கணவர், நான் போனில் சொன்ன கதை எதையும் காதில் வாங்கியிருக்கவில்லை. வீட்டில் ஆம்பிளை என்று தான் ஒருவர்தான் என்று சொல்லி, கேக்கையும் நீட்டினார். லொறிக்காரர் அதை வாங்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பின்னேரம் திரும்பும்போது வருகிறேன் என்று சொல்லிப் போனார். பூமி பிளந்தால் உள்ளே போகலாம் போலிருந்தது எனக்கு.

உறையைப் பிரித்தேன். ஐந்து ஆயிரம் ரூபாத் தாள்கள். வருமானம் இல்லாத குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த நிவாரணக் காசு. ஒரு தாளைக்கூட எடுக்காமல் அப்படியே எனக்கு அனுப்பியிருந்தார். வெட்கம் என்றால் இப்படி ஒரு வெட்கத்தை நான் பட்டதில்லை.

லொறிக்காரர் முந்திவிடுவதற்குள் ராத்தாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். சம்பளம் முழுசாக வந்தது, கஞ்சி பொய், தலைச்சுற்று பொய், மெலிந்ததோ பச்சைப் பொய். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

"அல்லாஹ் தந்ததை இல்லையெண்டு சொல்லாத பிள்ள. அவனும் சரி, இல்லையெண்டே இருக்கட்டும் எண்டு விட்டா என்ன செய்வாய்?"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. நான் மட்டுமா பொய் சொன்னேன்?

"நீங்க உண்மையோ சொன்னனீங்க, ராத்தா? புத்தளத்திலயும் பசிக்கேல்ல எண்டுதானே சொன்னனீங்க."

ராத்தா மெல்லச் சொன்னார்.

"ஒருநேரம்தான் உலை வைக்கிறம். கஞ்சிதான். மச்சான் எழும்பி நிண்டா தலை சுத்துது எண்டுறார்."

நான் எங்களுக்கென்று இட்டுக்கட்டிய பொய் ஒவ்வொன்றும் அவர் வீட்டில் உண்மையாக இருந்திருக்கிறது. அதனால்தான் அவர் என்னை நம்பியிருக்கிறார். மெலிந்தவர் கொண்டச்சியில்தான் படுத்திருந்தார்.

அன்று பின்னேரம் லொறி திரும்பியபோது நான் ராத்தாவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அந்த உறை, அதே அரிசி, அதற்கு மேல் எங்கள் வீட்டிலிருந்த மா, பருப்பு, சீனி, நோன்புக்கு வாங்கி வைத்த பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் ஏற்றினேன். சம்பளத்தில் ஒரு பங்கையும் உறைக்குள் வைத்தேன். என் கணவர் இரண்டு கேக்கைப் பொதி செய்து, மச்சானை உடம்பு தேற்றச் சொன்னார். ஏற்றிய பிறகுதான் போனில் சொன்னேன்; ராத்தா முதல்முறையாக மறுக்கவில்லை. கோழியைத் திருப்பி அனுப்பினால் மட்டும் தன் முகத்தில் முழிக்கக்கூடாது என்றுவிட்டார். அது எங்கள் வீட்டில் தங்கி நாள் தவறாமல் முட்டையிட்டது. அந்த முட்டையெல்லாம் எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ராத்தா போன் எடுத்தால் நான் கண்ணூறைப் பற்றி யோசிப்பதில்லை. சம்பளம் வந்தது, சாப்பிட்டோம், இவர் இன்னும் மெலியவில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்று உள்ளதைச் சொல்கிறேன். அவர் எங்களுக்கென்ன என்று தொடங்கினால், இன்றைக்கு எத்தனை நேரம் உலை வைத்தீர்கள் என்று கேட்டு, பதில் வரும் வரைக்கும் போனை வைக்கமாட்டேன். ஒவ்வொரு மாதமும் சம்பளம் வங்கிக்கு வந்த செய்தி போனில் விழும்போது, எனக்கு முதலில் ஞாபகம் வருவது, பசிக்கவில்லை என்று சொல்லித் தட்டை என் பக்கம் தள்ளிய அந்தக் கைதான்.