உமரித் தண்ணி

போன ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியில் மகள் வீட்டில் உட்கார்ந்து பீர் குடித்தேன். ஆமாம், நான்தான். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி படிக்க வேண்டாம்.

எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். மெதுவாகத்தான் சொல்வேன்.

என் மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை; ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் பொன்னேரி வீட்டுக்கு வருவார். பெண் கேட்டு வந்தபோது 'ஜூஸ் கம்பெனி' என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது — அது பீர் காய்ச்சுகிற இடம். பீரோடு எனக்கு ஒரு பகையும் கிடையாது. சின்ன வயதில் பனங்கள் குடித்து வளர்ந்த உடம்புதான் இது. ஆனால் என்னிடம் வந்து ஜூஸ் என்பதா? எனக்குப் படிப்புதான் குறைவு. காது நன்றாகவே கேட்கும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் கை நனைக்கவில்லை. போவேன், பேசுவேன், பசியோடு பஸ் ஏறிவிடுவேன். மகள் கோமதி எடுத்து வைத்த தட்டை அப்படியே திரும்ப எடுத்துப் போவாள். மாப்பிள்ளையாவது வாயைத் திறப்பாரா? ம்ஹூம்... அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்.

போன மாதம் கோமதி போன் செய்தாள். "மா, அவருக்கு உமரிக்கீரை வேணுமாம். நெறைய."

உமரி உங்களில் பலருக்குத் தெரியாது. கடல் தண்ணீர் ஏறுகிற எங்கள் ஏரிக்கரையில், உப்புச் சேற்றில் முளைக்கிற கீரை. இலை பேருக்குக்கூடக் கிடையாது, முட்டு முட்டாகத் தண்டுதான். கடித்தால் உப்பு. வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பே போடாமல் இறாலோடு வதக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு நம் ஊர்க் கீரை மேல் ஆசை வந்துவிட்டதே என்று, ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துவிட்டுத் திரும்பும்போது நானே இடுப்பு வலிக்க ஒரு கோணி பறித்துக் கொடுத்தனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை போனால், மேஜையில் பழுப்பு நிறத்தில் ஒரு பாட்டில். மாப்பிள்ளை எழுந்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"அத்த... இது ஜூஸ் இல்ல. பீரு. நான் காய்ச்சினது. அன்னிக்கே உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

நான் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"மொதல் தடவையா ஒரு தொட்டிய மொதலாளி என் பொறுப்புல விட்டாரு. நீங்க அனுப்பின உமரியத்தான் போட்டேன். இது பேல் ஏல், அத்த."

"சோறு துன்ற எடத்துல இன்னா பேச்சு மாப்ள இது? பேலு கீலுன்னு!"

கோமதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது. "ஐயோ அத்த, அது இங்கிலீஷு! வெளுத்த கலருன்னு அர்த்தம்!"

"பேரு வெச்சவன் நம்ம பக்கம் வந்ததே இல்ல போல."

டம்ளரில் ஊற்றினார். நுரை பொங்கியது. எனக்கு ஒரு சந்தேகம். "கீர வெந்த தண்ணிய கொட்டினீங்களா?"

"இல்ல அத்த, தண்ணிதான் வேணும். கீரையத்தான் வடிகட்டித் தூக்கிப் போட்டோம்."

எப்படி இருக்கிறது கதை! நாங்கள் கொட்டுவதை இவர்கள் குடிக்கிறார்கள். நாங்கள் தின்பதைக் கொட்டுகிறார்கள். இதற்குச் சம்பளம் வேறு! குடிக்கிறவர்கள் அதைத் 'தண்ணி' என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஒரு வாய் குடித்தேன். முதலில் கசப்பு. பிறகு ஆரஞ்சுத் தோல் வாசனை. கடைசியில் நாக்கின் ஓரத்தில் — உப்பு. சேற்றில் குனிந்து பறிக்கும்போது உதட்டில் ஒட்டுமே, அதே உப்பு.

"நல்லாத்தான் கீது."

மாப்பிள்ளை மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பொய் சொல்கிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுவதற்காகவா சொல்கிறார்கள்? பாதிப் பேர் நம் மூஞ்சியைப் பார்த்துப் பயந்து சொல்கிறார்கள். அதற்காக மூஞ்சியை மாற்றிக்கொள்ள முடியுமா? எனக்கு இந்த வயதில் முடியாது. பயந்தவர் ஒருநாள் பயம் விட்டு எதிரே வந்து நின்றால், அதுவே போதும்.

"ஏண்டி, சோறு போடு" என்றேன் கோமதியிடம். தட்டு கழுவ ஓடியவள் அழுதாளா, சிரித்தாளா... முதுகுதான் தெரிந்தது. மடவை மீன் குழம்பு. இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைச் சுளித்து என்னையே பார்த்தாள்.

"இன்னா பாக்கற? எங்க மாப்ள காய்ச்சினது!" என்றேன்.