அப்பாவின் வாயில் என் சொற்கள்

இங்கே ஜெர்மனியில் மதிய நேரத்தில் நடைவழியில் எதிர்ப்படுகிறவர்கள் "மால்ட்சைட்" என்பார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருள். வந்த புதிதில் ஒருவர் அப்படிச் சொன்னதும், நம்மூர்போல அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்து, "இன்னும் இல்லை, தயிர்சாதம் கொண்டுவந்திருக்கிறேன்" என்றேன். அவர் மிரண்டுபோய் விலகினார். அதே சொல்லைத் திருப்பிச் சொல்வதுதான் பதிலாம். இப்போது சொல்கிறேன். ஏற்ற இறக்கம்கூடப் பிசகாது.

நான் வேலை செய்வது போலச்செய்தலை ஆராயும் கூடத்தில். குழந்தைகளையும் சிம்பன்சிகளையும் எடுத்த படங்களைப் பார்த்துக் குறிப்பெழுதுகிறேன். ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் வீணாக அதன் தலையில் தட்டிக் காட்டினால், சிம்பன்சி தட்டலை விட்டுவிட்டு உள்ளேயிருக்கும் தீனியை எடுத்துக்கொள்ளும். குழந்தை தட்டிவிட்டுத்தான் திறக்கும். மனிதப் பிள்ளைக்குத் தீனியைவிடக் கூட்டம் முக்கியம். இத்தனை வருடங்களாக நானும் தட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் கூடத்தின் தலைவி ஹான்னா ஒருநாள் காபி குடித்தபடி சொன்னார்: பிடித்தவர் எதிரே கை கட்டினால் நம் கையும் தானாகக் கட்டிக்கொள்ளும், இவர் நம்மவர் என்று உடம்பு சொல்லும் விதம் அது. நான் நம்மூர்போலத் தலையை ஆட்டினேன். ஆமாவா இல்லையா என்று புரியாமல் "யா? நைன்?" என்று கேட்டார். என் தலையாட்டலைப் பார்த்து அங்கே ஒரு தலையும் ஆடியதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கிப் பாறை துளைத்தவர் அவர். சுரங்கத்தை மூடிய நாட்களில் ஷாஃப்ட் வாசலில் நடந்த கூட்டங்களில் அவர் பேச ஆரம்பித்தால் பீடி பற்றவைக்கக்கூட மறந்து நிற்பார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வாயில் சொந்தமாக ஒரு சொல்லும் இல்லை. மற்றவர் சொல்வதைத் திருப்பிச் சொல்வது மட்டும் மிஞ்சியிருந்தது. மூளையில் கேட்பதையும் உச்சரிப்பதையும் இணைக்கும் பாதை தப்பிப் பிழைத்திருக்கிறது, பேச நினைக்கும் இடம் போய்விட்டது என்றார் மருத்துவர். எனக்கு அது பாடமாகத் தெரியும்.

"அப்பா, நான் வந்திருக்கேன்."

"நான் வந்திருக்கேன்."

கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அவர் முகமும் என்னைப்போலவே கோணியது. இத்தனை காலத்தில் என்னைப் பார்த்து அப்படியே செய்த முதல் மனிதர். அதற்கும் மூளை சிதைய வேண்டியிருந்தது.

மறுநாள் கடைக்குப் போய்த் திரும்பினால் வாசலில் சிரிப்புச் சத்தம். பக்கத்து வீட்டு ரவி, அப்பாவோடு அதே ஷிஃப்டில் வேலை பார்த்தவரின் மகன், நண்பர்களோடு நின்று, "சொல்லு மாமா, நான் கொரங்கு" என்றான். அப்பா அதே தொனியில், கணீரென்று, "நான் கொரங்கு" என்றார். நான் கத்தி விரட்டினேன்.

உள்ளேயிருந்து தங்கை அமுதா வந்தாள். அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றுவது எல்லாம் அவள்தான்.

"இன்னாக்கா நீ! அவங்களாச்சும் வந்து பேசறாங்க. நீ போய்ட்டா அவருகிட்ட பேச யார் இருக்கா? எனக்குத் தொண்ட வத்திப்போச்சு."



கிளம்புகிற காலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நடக்காது என்று தெரிந்தே கேட்டேன்:

"எங்கூட வந்துர்றியாப்பா?"

அப்பா என்னையே பார்த்தார். உதடு கொஞ்ச நேரம் தேடியது.

"வந்துர்றியாம்மா?"

எதிரொலிக்குள் சிலசமயம் இலக்கணம் தானாகத் திருந்திக்கொள்வதுண்டு, அதற்கு அர்த்தம் கற்பிக்கக் கூடாது என்று பிறகு ஹான்னா பொறுமையாக விளக்கினார். இருக்கலாம். அமுதா அதைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

பெங்களூர் வண்டியில் வேலைக்குப் போகிறவர்களின் நெரிசல். வண்டி புறப்படும் மாரிக்குப்பத்திலேயே ஏறி உட்கார்ந்திருந்த பெண்ணொருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். என் பெட்டியையும் கோட்டையும் பார்த்துவிட்டு, "எந்த ஊருங்க நீங்க?" என்றாள்.

"கோரமண்டல்."

சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"இப்பத் தாண்டுச்சே, அதுவா?"